கானலுக்கு வெயில் வேண்டாம்: கடலூர்க் கரையில் படகு அந்தரத்தில் நிற்பது ஏன்?

வந்த கேள்வி இது. தை மாதம், விடிந்து கொஞ்ச நேரம்தான் ஆகிறது. தேவனாம்பட்டினம் சில்வர் பீச்சில் நின்று பார்த்தால், தூரத்து ஃபைபர் போட்டுகள் தண்ணீரைத் தொடாமல் நிற்கின்றன. அடியில் ஒரு கீற்று வானம் தெரிகிறது. வெயிலே ஏறவில்லை, பிறகு எப்படிக் கானல்? கேட்டவரே மே மாதம் புதுச்சேரி கடற்கரைச் சாலையிலிருந்து பார்த்தபோது படகுகள் மிதக்கவில்லை, வழக்கத்தைவிட நெட்டையாக நின்றன. இரண்டும் ஒன்றா, வேறா? கூடவே ஒரு துணைக் கேள்வி: காற்று சுத்தமாக இருக்கும் நாளில் கடலூரிலிருந்து இலங்கை தெரியும் என்கிறார்களே, உண்மையா?

முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பார்த்த இரண்டுமே கானல்தான். ஆனால் ஒன்றுக்கொன்று நேர் எதிர். தை மாதக் காலையில் கடல் சூடு, அதன்மேல் வந்து படியும் காற்று குளிர்ச்சி. மே மாத முற்பகலில் கடல் குளிர்ச்சி, மேலே வரும் காற்று கொதிப்பு. வெயில் அடிக்கிறதா இல்லையா என்பது நேரடிக் கணக்கிலேயே வராது. தார்ச்சாலையில் பார்த்துப் பழகியதால் கானல் என்றாலே நமக்கு உச்சி வெயில்தான் நினைவுக்கு வருகிறது. சாலைக்கு வெயில் வேண்டும், தாரைச் சூடாக்க வேறு வழி கிடையாது. கடல் அப்படியல்ல. வாங்கின சூட்டை நாள்கணக்கில், வாரக்கணக்கில் கையில் வைத்திருக்கும். ராத்திரி இரண்டு மணிக்குக்கூட அதன்மேல் கானல் இருக்கும், பார்க்க ஏதாவது விளக்கு வேண்டும், அவ்வளவுதான்.

சரி, ஒளி ஏன் வளைகிறது? குளிர்ந்த காற்று அடர்த்தி, சூடான காற்று லேசு. கீழே ஒரு அடர்த்தி, மேலே ஒரு அடர்த்தி என்று இருக்கும் காற்றில் படுக்கைவாட்டில் போகும் ஒளி, அடர்த்தி கூடின பக்கம், அதாவது குளிர்ந்த பக்கம் மெல்லச் சாயும். எவ்வளவு சாயும் என்றால் நம்பவே முடியாத அளவு கொஞ்சம். காற்றின் ஒளிவிலகல் எண் சுமார் 1.0003. சூடு ஒரு டிகிரி மாறினால் அந்த எண் மாறுவது பத்து லட்சத்தில் ஒரு பங்கு. ஒரு அறைக்குள் இது ஒன்றுமே இல்லை. கடற்கரையில் நின்று அடிவானத்தைப் பார்க்கும்போது மட்டும் கதை வேறு. அங்கே ஒளி நாலைந்து கிலோமீட்டர் தூரம் தண்ணீரை உரசுகிற மாதிரி வருகிறது. வழி நெடுக ஒரே பக்கம் கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்ந்துகொண்டே வந்தால், கண்ணுக்கு வந்து சேரும்போது திசை மாறியிருக்கும். கண்ணுக்கோ ஒளி வளைந்து வந்த கதை தெரியாது. கடைசியாக எந்தத் திசையிலிருந்து நுழைந்ததோ, அங்கேயே பொருள் இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளும்.

இனி தை மாதம். மார்கழி, தையில் நம் கரையோரக் கடல்நீர் 26, 27 டிகிரி இருக்கும். அது ராத்திரியில் பெரிதாக இறங்காது. தரை அப்படி இல்லை, பொழுது சாய்ந்ததுமே சூட்டை விட ஆரம்பித்துவிடும். நெல்லிக்குப்பம், பண்ருட்டிப் பக்கத்து வயல்வெளிமேல் குளிர்ந்த காற்று, விடியற்காலையில் 21, 22 டிகிரியில் மெல்லக் கடல் பக்கம் இறங்கும். இதுதான் கரைக்காற்று. இந்தக் குளிர்ந்த காற்று சூடான நீர்மேல் பரவும்போது, நீரை ஒட்டிய பகுதி மட்டும் நீரின் சூட்டை வாங்கிக்கொள்கிறது. மாற்றத்தில் பெரும்பங்கு முதல் ஒரு முழம், இரண்டு முழ உயரத்துக்குள்ளேயே நடந்துவிடும். ஆக, கீழே லேசான காற்று, மேலே கனமான காற்று.

தூரத்துப் படகிலிருந்து கொஞ்சம் கீழ்நோக்கிப் புறப்படும் ஒளி இந்த அடுக்குக்குள் நுழைந்ததும், குளிர்ந்த பக்கமான மேல்பக்கம் சாய ஆரம்பிக்கும். தண்ணீரைத் தொடுவதற்கு முன்பே திரும்பி மேலேறி உங்கள் கண்ணுக்கு வந்துவிடும். அதே படகிலிருந்து நேர்வழியில் வரும் ஒளியும் இருக்கிறது. ஆகவே மேலே நிமிர்ந்த படகு, அதன் அடியில் கவிழ்ந்த படகு. இதைக் கீழ்க்கானல் என்று சொல்லலாம். சாலையில் தெரிவதும் இதே ரகம்தான்.

பைனாகுலர் இருந்தால் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். படகின் அடிப்பாகம் இரண்டு பிம்பத்திலும் இருக்காது. நீருக்கு மேலே ஒரு குறிப்பிட்ட உயரம், அதற்குக் கீழே இருக்கும் எதிலிருந்தும் ஒளி உங்கள் கண்ணுக்கு வந்து சேராது. அந்தக் கோட்டுக்கு மேல் உள்ளது மட்டும் இரட்டிப்பாகத் தெரியும். போட்டில் நின்று வலை இழுக்கிற ஆள் இடுப்புக்கு மேலே சரியாக இருப்பார். இடுப்புக்குக் கீழே கால் இருக்க வேண்டிய இடத்தில் அவரே இன்னொரு முறை தலைகீழாக இருப்பார். அவர் கை மேலே போனால் கீழே உள்ளவர் கை கீழே போகும்.

அடியில் தெரிந்த அந்த ஒரு கீற்று வானம் எங்கிருந்து வந்தது? படகுக்கு நடப்பதுதான் வானத்துக்கும் நடக்கிறது. அடிவானத்தை ஒட்டிய வானத்திலிருந்து வரும் ஒளியும் அந்தச் சூடான அடுக்கில் மடங்கி மேலேறி வருகிறது. கடல் தெரிய வேண்டிய இடத்தில் ஒரு பட்டை வானம் தெரிகிறது. படகும் அதன் கவிழ்ந்த பிம்பமும் சேர்ந்த உருவம் அந்தப் பட்டைக்குள் நிற்பதால்தான் தண்ணீரைவிட்டு எழும்பின மாதிரி இருக்கிறது. உண்மையில் எதுவும் எழும்பவில்லை, அடிவானம்தான் இறங்கியிருக்கிறது. இதே காரணத்தால் புதுச்சேரி கடற்கரையிலிருந்து தெற்கே வீராம்பட்டினம் பக்கம் பார்த்தால், குளிர்காலக் காலையில் சவுக்குத் தோப்பு முடிகிற நுனி கடலைவிட்டுப் பெயர்ந்து, அடியில் இடைவெளியோடு தெரியும். படகுகூடத் தேவையில்லை.

இதெல்லாம் எவ்வளவு பெரிதாகத் தெரியும் என்பதையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் போய்ப் பார்த்துவிட்டு ஏமாற்றம்தான் மிஞ்சும். நீருக்கும் காற்றுக்கும் ஐந்து டிகிரி வித்தியாசம் என்றால் இந்தக் கானல் பட்டை, சூரிய வட்டத்தின் மூன்றில் ஒரு பங்கு உயரம்தான் வரும். ஒரு டிகிரி வித்தியாசத்துக்கு அதிலும் பாதிதான். வெறும் கண்ணுக்கு ஒரு மெல்லிய வெள்ளிக் கோடாகத் தெரியும். கூர்ந்து பார்க்கிறவர்களுக்குத்தான் அது பிடிபடும். கண் எவ்வளவு தாழ்வாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது. நின்று பார்ப்பதைவிட அலை வந்து தொடும் இடத்தில் உட்கார்ந்து பார்த்தால் பட்டை தெளிவாகும். அதே படகைக் கலங்கரை விளக்கத்து உச்சியிலிருந்து பார்த்தால் சாதாரணப் படகு. பார்வை மேலிருந்து சரிவாக இறங்கும்போது ஒளிக்கு அவ்வளவு மடங்க இடமில்லை. உயரத்துக்குப் போனால் கானல் ஒழிந்துவிடாது, இன்னும் தூரத்தில் இருக்கும் பொருளுக்குத் தள்ளிப்போய்விடும்.

இந்தக் கீழ்க்கானலை நம் ஊரில் ஆயிரக்கணக்கானவர்கள் பார்த்திருக்கிறார்கள், பெயர் தெரியாமலேயே. கிழக்குக் கரையில் இருப்பதால் நமக்குக் கிடைத்த வரம் அது: சூரிய உதயம். புதுச்சேரி காந்தி சிலை அருகே குளிர்காலத்தில் விடியற்காலை நிற்கும் கூட்டத்தில் பாதிப் பேர் செல்போனில் படமெடுத்து வைத்திருப்பார்கள். சூரியன் அடிவானத்தைவிட்டுக் கிளம்பும் நேரம் அதன் அடிப்பாகம் குறுகி, கடைசியில் விரிந்து கடலில் ஒட்டிக்கொண்டிருக்கும். கவிழ்த்து வைத்த குடத்தின் வடிவம் அப்படியே இருக்கும். அந்தக் கழுத்தும் விளிம்பும் சூரியனுடையதல்ல, சூரியனின் கீழ்விளிம்பு கானலில் தலைகீழாகத் தெரிவது. மேலே நிஜச் சூரியன் ஏற ஏற, கவிழ்ந்த துண்டு கீழே இறங்கும். இரண்டையும் சேர்க்கும் கழுத்து மெலிந்து அறுந்ததும், மிச்சம் அடிவானத்துக்குள் போய்விடும். சில நொடிகள்தான். முதல் கீற்று முளைக்கும்போதும் பாருங்கள், அது கோட்டின்மேல் உட்கார்ந்த வில்லாக இருக்காது. மேலும் கீழும் வளைந்த ஒரு மெல்லிய செவ்விதழாகத் தொடங்கும்.

இது தெரிந்தால், தெர்மாமீட்டர் இல்லாமலே அன்றைக்குக் கடல் காற்றைவிடச் சூடு என்று சொல்லிவிடலாம். பைனாகுலரைச் சூரியன் பக்கம் மட்டும் திருப்பவே திருப்பாதீர்கள். செக்கச்செவேலென்று சாதுவாகத் தெரிகிற சூரியனும் லென்ஸ் வழியே கண்ணைக் கெடுத்துவிடும்.

இன்னொன்றும் இங்கே சேர்த்துக்கொள்ளலாம். கானலே இல்லாத சாதாரண நாளிலும் அடிவானத்துச் சூரியன் அதன் நிஜ இடத்தில் இல்லை. காற்று மண்டலம் முழுவதும் மேலே போகப் போக அடர்த்தி குறைவதால் ஒளி பூமியின் வளைவோடு கொஞ்சம் சேர்ந்தே வளைகிறது. அடிவானத்தில் இந்த வளைவு சூரிய வட்டத்தின் அகலத்தைவிடச் சற்றே அதிகம். அதாவது, கடல்மேல் முழுச் சூரியனையும் நாம் பார்க்கும் முதல் கணத்தில், கணக்குப்படி அது இன்னும் அடிவானத்துக்குக் கீழேதான் இருக்கிறது. நம் ஊரில் உதயம் இதனால் இரண்டு நிமிடத்துக்கு மேல் முந்திக்கொள்கிறது.

மே மாதத்துக்குப் போவதற்கு முன், படகு மிதக்கிற எல்லாப் படமும் கானல் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2021-ல் இங்கிலாந்தின் கார்ன்வால் கரையில் எடுத்த ஒரு கப்பல் படம் உலகமெல்லாம் சுற்றியது. கப்பல் வானத்தில் தொங்குகிற மாதிரி இருக்கும். செய்திகளில் அதை மேல்கானல், அதாவது பிம்பம் பொருளுக்கு மேலே தெரியும் ரகம் என்று விளக்கினார்கள். எனக்கு அதில் சந்தேகம் உண்டு. கப்பல் துளிகூடச் சிதையாமல், இழுபடாமல், இரட்டிக்காமல் அச்சாக இருக்கிறது. கானலில் இப்படி ஒழுங்காக வருவது அபூர்வம். பெரும்பாலும் நடப்பது வேறு. தூரத்துக் கடல் ஓரிடத்தில் காற்றாடாமல் வழவழவென்று கிடக்கும், அது வானத்தின் நிறத்தையே பிரதிபலிக்கும். அதற்கு இப்பால் சிற்றலை ஓடுகிற கடல் கருத்துத் தெரியும். கருப்பு முடிகிற கோட்டை நாம் அடிவானம் என்று நினைத்துவிடுகிறோம். நிஜ அடிவானம் அதற்கும் மேலே மூட்டத்தில் கரைந்து கிடக்கிறது, கப்பல் அங்கே தண்ணீரில்தான் நிற்கிறது. வங்கக் கடலில் காற்று அடங்கின காலைகளில் இந்தப் பொய் அடிவானம் அடிக்கடி வரும்.

பிரித்துப் பார்ப்பது எளிது. உருவம் இரட்டித்திருக்கிறதா, ஓரங்கள் நெளிகின்றனவா, உட்கார்ந்து எழுந்தால் மாறுகிறதா என்று பாருங்கள். மூன்றும் இல்லையென்றால் கானலை இழுக்க வேண்டாம். செல்போன் ஜூமை நம்பி முடிவு செய்வதும் வீண். அது தானாகக் கோடுகளைத் தீட்டிச் சரிசெய்துவிடும்.

இப்போது மே. கத்திரி வெயில் நாட்களில் கடலூர், புதுச்சேரியில் 37, 38 டிகிரி சாதாரணம். சில நாள் நாற்பதைத் தாண்டும். அந்த நாட்களில் காலையிலிருந்து அடிப்பது மேல்காற்று, அதாவது மேற்கிலிருந்து வரும் காற்று, கரையோரத்தில் கச்சான் என்பார்கள். உள்நாட்டு வறண்ட நிலத்தின் சூட்டை அள்ளிக்கொண்டு அது கடலுக்குள் போகும். கடல்நீர் அப்போது 29, 30 டிகிரி. தெற்கிலிருந்து கரையை ஒட்டி வடக்கே காற்று தொடர்ந்து வீசும் நாட்களில் மேல்நீர் ஆழ்கடல் பக்கம் ஒதுங்கி, அடியிலிருந்து குளிர்ந்த நீர் மேலே வருவதும் உண்டு. மே மாதத்தில் கடலில் இறங்கினவர்கள் சில நாள் ‘என்ன இது, தண்ணீர் இப்படிச் சில்லென்று இருக்கிறது’ என்பது இதனால்தான். ஆக, கீழே குளிர்ந்த நீர், அதை ஒட்டிக் குளிர்ந்த காற்று, மேலே 36, 37 டிகிரியில் தரைக்காற்று. தை மாதத்தை அப்படியே திருப்பிப்போட்ட நிலைமை.

இங்கே ஒளி கீழ்நோக்கி வளைகிறது, பூமி வளைகிற திசையிலேயே. சாதாரண நாளிலும் இந்தத் திசையில்தான் கொஞ்சம் வளைகிறது, ஆனால் பூமியின் வளைவில் ஆறேழில் ஒரு பங்குதான். மேலே போகப் போகக் காற்று குளிராமல் சூடேறினால் வளைவு கூடும். பத்து மீட்டர் ஏறுவதற்குள் சுமார் ஒன்றேகால் டிகிரி சூடு கூடினால் ஒளியின் வளைவும் பூமியின் வளைவும் சமம். அப்போது அடிவானம் என்ற ஒன்று கணக்களவில் இல்லாமல் போய்விடும். கடல் தட்டையாகவோ குழிந்தோகூடத் தெரியும். அடிவானத்துக்கு அப்பால் மறைந்திருக்க வேண்டிய படகு மேலெழும்பித் தெரியும். சூடேறும் வேகம் எல்லா உயரத்திலும் ஒன்றாக இருக்காது. ஓர் அடுக்கில் வேகமாகவும் இன்னொன்றில் மெதுவாகவும் மாறும்போது, படகின் அடியிலிருந்து வரும் ஒளி ஒரு அளவு, உச்சியிலிருந்து வரும் ஒளி ஒரு அளவு வளைந்து, உருவம் மேல்கீழாக நீளும். புதுச்சேரியில் பார்த்த நெட்டைப் படகு இதுதான். அடுக்கு இன்னும் கூர்மையாக இருந்தால் படகுக்கு மேலே ஒரு கவிழ்ந்த பிம்பமும், அதற்கும் மேலே ஒரு நிமிர்ந்த பிம்பமும் வரும். இது மேல்கானல்.

மே மாதத்தில் பார்க்கப் போகிறவர்களுக்கு ஒரு சங்கடம் இருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் துறைமுகத்தில் கட்டிக் கிடக்கும். கரையோரம் போய்வரும் சின்ன ஃபைபர் போட்டுகளும், எப்போதாவது தூரத்தில் போகும் கப்பலும்தான் பார்க்கக் கிடைக்கும். நேரமும் குறுகியது. கடற்காற்று ஏறும் வரைக்கும்தான் இந்தக் காட்சி. முற்பகல் முடியும் வாக்கில் கடற்காற்று கிளம்பி, கடல் சூட்டிலேயே இருக்கும் காற்றைக் கொண்டுவந்து கரையில் சேர்க்கும். சட்டென்று வேர்வை அடங்கும், நெட்டைப் படகு குட்டைப் படகாகிவிடும். கடற்காற்று வராமல் மேல்காற்றே மத்தியானம் தாண்டியும் நிலைக்கிற நாட்கள் ஊருக்கு வேதனை, கானல் பார்க்கிறவருக்கு யோகம்.

கோட்டை கொத்தளம், தொங்கும் நகரம் என்றெல்லாம் நம் கடலில் எதிர்பார்க்காதீர்கள். இத்தாலியின் மெசினா நீரிணையில் அப்படித் தெரிவதை ஃபாட்டா மார்கானா என்பார்கள். அங்கே இரண்டு பக்கமும் மேட்டுக்கரை இருக்கிறது, எதிர்க்கரையின் வீடுகளும் பாறையும் அடுக்கடுக்காக நீண்டு மதில்களாக எழும்பும். நமக்கு எதிர்க்கரையே இல்லை. இழுபடுவதற்குப் பொருள் வேண்டாமா? அதோடு மேல்கானல் செழிப்பாக விளையும் இடம் பனிக்கட்டி மிதக்கிற கடல்தான், நீர் பூஜ்யத்தை ஒட்டி இருக்கும் இடம். 1822-ல் கிரீன்லாந்துக்கு அருகே திமிங்கல வேட்டைக் கப்பல் தலைவர் வில்லியம் ஸ்கோர்ஸ்பி, வானத்தில் தலைகீழாக நின்ற ஒரு கப்பலைத் தொலைநோக்கியில் பார்த்து, அது தன் தகப்பனாரின் ‘ஃபேம்’ கப்பல் என்று அடையாளம் கண்டார். பிறகு ஒப்பிட்டுப் பார்த்தபோது அந்தக் கப்பல் சுமார் 30 மைல் தூரத்தில், அடிவானத்துக்கு வெகு கீழே இருந்தது. தலைகீழ் பிம்பத்தில் பாய்மர அமைப்பைப் படித்துக் கப்பலின் பெயரைச் சொன்ன கண் அது!

இதற்கெல்லாம் விளக்கம் வந்த காலமும் சுவையானது. 1798-ல் நெப்போலியனோடு எகிப்துக்குப் போன பிரெஞ்சுப் படை, பாலைவனத்தில் ஊர்களெல்லாம் ஏரி நடுவே தீவுகளாக நிற்பதைப் பார்த்துத் தவித்தது. கூடப்போன கணித அறிஞர் காஸ்பார் மோஞ்ச் அங்கேயே அதற்கு விளக்கம் எழுதினார். சூடான தரையை ஒட்டிய லேசான காற்றுதான் காரணம் என்றார். (அந்த வருடம் புதுச்சேரி பிரெஞ்சுக்காரர் கையில் இல்லை, 1793-லேயே ஆங்கிலேயர் பிடித்துவிட்டார்கள். இருந்திருந்தால் நம் கடற்கரையிலும் யாராவது உட்கார்ந்து எழுதியிருப்பார்கள்.) அதே 1798-ல் இங்கிலாந்தின் ராம்ஸ்கேட்டில் சாமுவேல் வின்ஸ் என்பவர் கப்பல்களின் மேலே கவிழ்ந்த கப்பலும் அதற்கு மேல் நிமிர்ந்த கப்பலும் தெரிவதைப் படம் வரைந்து வைத்தார். அடுத்து வில்லியம் வொல்லஸ்டன் அதை மேசைமேல் செய்தே காட்டினார்.

அவர் செய்ததை நீங்களும் வீட்டில் செய்யலாம். தட்டையான கண்ணாடிப் பக்கம் உள்ள பாத்திரம், சின்ன மீன்தொட்டி போதும். அடியில் கெட்டியான சர்க்கரைக் கரைசலை ஊற்றுங்கள். மேலே தண்ணீரைக் கரண்டி வழியாகக் கலங்காமல் இறக்கி, சில மணி நேரம் அசைக்காமல் விடுங்கள். இரண்டும் சேரும் இடத்தில் அடர்த்தி படிப்படியாக மாறும் ஓர் அடுக்கு உண்டாகும். பின்னால் ஒரு அட்டையில் எழுத்தை எழுதி வைத்து, கண்ணை அந்த அடுக்கின் மட்டத்துக்குக் கொண்டுவந்து, அட்டையை முன்னும் பின்னும் நகர்த்துங்கள். ஓரிடத்தில் எழுத்து நிமிர்ந்தும் கவிழ்ந்தும் மறுபடி நிமிர்ந்தும் மூன்றாகத் தெரியும். மே மாதக் கடல் உங்கள் மேசைமேல் வந்துவிட்டது. பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல விடுமுறை வேலை கிடையாது. கரைசல் கெட்டியாக இருக்க வேண்டும், கஞ்சத்தனம் பார்த்தால் ஒன்றும் தெரியாது.

இது வேடிக்கை மட்டும் என்று நினைக்க வேண்டாம். பழைய மாலுமிகள் செக்ஸ்டன்ட் கருவியால் அடிவானத்துக்கும் சூரியனுக்கும் உள்ள கோணத்தை அளந்துதான் கடலில் தங்கள் இடத்தைக் கண்டுபிடித்தார்கள். அடிவானமே கானலால் ஏறி இறங்கினால் அளவும் தவறும். கோணத்தில் அறுபதில் ஒரு டிகிரி தவறு என்றால் இடத்தில் ஒரு கடல்மைல் தவறு. நீருக்கும் காற்றுக்கும் சில டிகிரி வித்தியாசமே பல கடல்மைல் பிசகைக் கொண்டுவந்துவிடும். ஜிபிஎஸ் வந்த பிறகு அந்தக் கவலை போயிற்று. இன்றைக்கு மீனவருக்கு இதில் மிச்சம் இருப்பது தூர மயக்கம்தான். ராத்திரி தூரத்துப் படகு விளக்கு ஒன்று இரண்டாகி, இரண்டும் சேர்ந்து நீண்டு, சட்டென அணைந்துபோகும். விளக்கு அணையவில்லை, கீழ்க்கானலின் அந்த மறைக்கும் கோட்டுக்குக் கீழே போய்விட்டது. படகு அங்கேயேதான் இருக்கிறது.

எந்த நாளில் எது தெரியும் என்று முன்கூட்டியே பார்க்க நினைப்பவர்களுக்கு: ஐதராபாத்தில் இருக்கும் இந்தியத் தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையம் கடல் மேற்பரப்பின் வெப்பநிலையைத் தினமும் தருகிறது. மீன்வளம் உள்ள இடங்களை மீனவருக்குச் சொல்வதும் இந்த அளவுகளையும் வைத்துத்தான். அதோடு அன்றைய காற்றின் திசையையும் கரையில் காற்றின் சூட்டையும் சேர்த்துப் பாருங்கள். கடல்நீர் மூன்று நான்கு டிகிரி கூடுதல், கரைக்காற்று மெல்ல வீசுகிறது என்றால் விடியற்காலையில் கீழ்க்கானல் அநேகமாக உறுதி. காற்று ஐந்தாறு டிகிரி கூடுதல், மேல்காற்று என்றால் முற்பகலில் மேல்கானலுக்கு வாய்ப்பு உண்டு, ஆனால் உறுதி சொல்ல முடியாது, அடுக்கு கலையாமல் இருக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் வாடையும் கொண்டலும் மழையோடு வீசும் நாட்களில் கடலும் காற்றும் ஏறக்குறைய ஒரே சூடு, அலையும் அதிகம். அப்போது போய் உட்கார்ந்தால் நனைவதுதான் மிச்சம்.

கடைசியாக இலங்கை. கடலூரிலிருந்து தெரியாது. காற்று எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் தெரியாது. இலங்கையின் வடக்குக் கரையில் இருக்கும் பருத்தித்துறையே இங்கிருந்து 200 கிலோமீட்டருக்கு மேல். கரையில் நிற்கிறவரின் அடிவானம் ஐந்து கிலோமீட்டர்தான். மீதித் தூரத்துக்குச் சாதாரண ஒளிவளைவையும் சேர்த்துக் கணக்குப் போட்டால், பருத்தித்துறையில் மூன்று கிலோமீட்டருக்கு மேல் உயரமான மலை ஒன்று இருந்தால்தான் அதன் உச்சி இங்கே எட்டிப் பார்க்கும். யாழ்ப்பாணக் குடாநாடோ சமதரை. இலங்கையிலேயே உயர்ந்த பிதுருதலாகலை 2524 மீட்டர்தான், அதுவும் இன்னும் 300 கிலோமீட்டருக்கு மேல் தெற்கே மலைநாட்டில் இருக்கிறது. மேல்கானல் தூக்கிக் காட்டாதா என்று கேட்கலாம். அதற்கு இங்கிருந்து அங்கே வரை ஒரே அடுக்கு அறுபடாமல் இருக்க வேண்டும். அப்படி இருந்தாலும் ஈரப்பதம் நிறைந்த கடல்காற்றில் 200 கிலோமீட்டர் தாண்டி ஒளி பிழைத்து வராது. தனுஷ்கோடியில் கதை வேறு, தலைமன்னார் சுமார் 30 கிலோமீட்டர்தான். அங்கே கோபுரங்களும் விளக்குகளும் எழும்பித் தெரிவதாகச் சொன்னால் நம்பலாம்.

ஆனால் இலங்கை இங்கே ‘கேட்கும்’. வானொலி அலைகளும் ஒளியின் இனம்தான், அவையும் இதே அடுக்குகளில் மாட்டி வளைந்து அடிவானத்தைத் தாண்டும். காற்றின் ஈரம் ஒளியை அவ்வளவாகப் பாதிக்காது, வானொலி அலையை நன்றாகவே வளைக்கும். அதனால் வறண்ட சூடான காற்று ஈரமான கடல்காற்றின் மேல் படிகிற நாட்களில் நம் கரையோரத்தில் இலங்கைப் பண்பலை நிலையங்கள் உள்ளூர் நிலையத்தை அமுக்கிக்கொண்டு ஒலிக்கும். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பம்பாயில் இருந்த ஒரு ராடார், கோடையில் ஆயிரம் மைலுக்கு அப்பால் உள்ள அரேபியக் கரையைத் திரையில் காட்டியதும் இதே வேலைதான். மே மாத முற்பகலில் கடற்கரைக்குப் போகும்போது பைனாகுலரோடு ஒரு சின்ன ரேடியோவையும் எடுத்துக்கொண்டு போங்கள். பண்பலையில் சிங்களப் பாட்டு வந்தால் மேலே அடுக்கு இருக்கிறது, படகுகளைப் பார்க்க ஆரம்பிக்கலாம்.